தெல்லிப்பளையில் ஒரு பழைய வீடு: பொறியியலாளரின் அறிக்கையில் எதைப் பெரிதாக எடுக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் 1930களில் கட்டப்பட்ட, நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்த நாற்சார் வீடொன்றை வாங்க எண்ணியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கத்தில் 1970களில் சேர்க்கப்பட்ட, கூரையாகக் கொங்கிறீட் தளம் போட்ட குசினியும் இரண்டு அறைகளும் உள்ளன. 1990இல் உரிமையாளர் குடும்பம் இடம்பெயர்ந்தது. இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுவிக்கப்பட்ட பின்னர் புதிதாகக் கூரை போட்டு, சுவர்களைப் பூசி, வர்ணம் அடித்து இப்போது விற்கிறார்கள். நீங்கள் அமர்த்திய பொறியியலாளர் ஐந்து குறைகளை எழுதியிருக்கிறார்: வடகிழக்கு மூலையில் படிக்கட்டுப் போல ஏறும் நான்கு மில்லிமீற்றர் வெடிப்பு, குசினித் தளத்தின் அடியில் கொங்கிறீட் உதிர்ந்து கம்பி தெரிவது, சுவர்களில் மூன்றடி உயரம் வரை ஈரமும் உப்பும், மேற்குச் சுவர் மேல்முனையில் இருபது மில்லிமீற்றர் வெளியே சாய்ந்திருப்பது, சீலிங் அடித்திருப்பதால் கூரை மரங்களைப் பார்க்க முடியாமற் போனது. இவற்றுள் எது பாரதூரமானது, வீட்டை விட்டுவிடுவதா அல்லது விலையைக் குறைத்துக் கேட்பதா, பிற்காலத்தில் மேல்மாடி எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அறிக்கையில் எத்தனை குறைகள் உள்ளன என்பதை வைத்து வீட்டை எடை போடாதீர்கள். தொண்ணூறு வருடப் பழமையுள்ள எந்த வீட்டையும் கவனமாகப் பார்த்தால் குறைகள் பக்கக்கணக்கில் வரும். ஒவ்வொரு குறைக்கும் நேராக நீங்கள் தேட வேண்டியது, அதன் காரணம் எது, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். நாற்பது வருடங்களுக்கு முன் மண் இறங்கி வந்து பின் அடங்கிப்போன வெடிப்பும், சென்ற மாரியில் தொடங்கிய வெடிப்பும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். முதலாவதை ஒரு மேசன் ஒரு நாளில் அடைத்துவிடுவார். இரண்டாவது அத்திவாரம் வரை வேலை கேட்கும். உங்கள் அறிக்கை குறைகளை அளந்து எழுதியிருக்கிறதே தவிர, காரணத்தைப் பற்றி ஓரிடத்தில் மட்டுமே பேசுகிறது. அது பொறியியலாளரின் பிழையல்ல. எதையும் திறக்காமல் கண்ணால் மட்டும் பார்வையிடும் வேலைக்கே அவர் அமர்த்தப்பட்டார் என்பது முதற் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை மீண்டும் வாசியுங்கள், ஏனெனில் அவர் கண்டு எழுதிய ஐந்து குறைகளில் மூன்றைவிட, அவரால் காண முடியாமற்போன இரண்டு விடயங்களே எனக்கு அதிக கவலையைத் தருகின்றன.

அவற்றுள் முதலாவது சுவர்களின் உள்ளீடு. அக்காலத்து யாழ்ப்பாண வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லையோ முருகைக்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ஓர் அடிக்கு மேற்பட்ட தடிப்புள்ள இத்தகைய சுவரின் இரு முகங்களிலும் நல்ல கற்கள் இருக்கும். நடுவே சிறுகற்களும் சாந்தும் நிரப்பப்பட்டிருக்கும். தலைக்கு மேல் கூரையும் இரு பக்கமும் பூச்சும் இருக்கும்வரை அது நூறாண்டு நிற்கும். கூரை போனால் நிலைமை முற்றாக மாறிவிடும். தெல்லிப்பளை அடங்கிய வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் வெளியேறிய பின் ஓடும் மரமும் கதவும் நிலையும் யன்னலும் கழற்றிக்கொண்டு போகப்பட்ட வீடுகள் ஏராளம். அப்படித் திறந்து கிடந்த சுவரின் தலையில் இருபது மாரிமழை நேராக இறங்கியிருக்கும். சுண்ணாம்புச் சாந்து சீமெந்தைப் போல இறுகிய பொருளல்ல. தொடர்ந்து இறங்கும் மழைநீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துச்செல்லும். ஆண்டுகள் செல்ல, முகக் கற்கள் நிமிர்ந்து நிற்க, உள்ளே கல்லும் மண்ணும் கலந்த தளர்வான நிரப்பு மட்டுமே மிஞ்சும். விதைகளும் அந்த ஈரத்தில் முளைக்கும். ஆலும் அரசும் சுவர்த்தலையில் வேரோடி, கற்களை விலக்கிக்கொண்டு கீழிறங்கும். பின்னர் ஒருவர் வந்து அந்தச் செடியை வெட்டி, மேலே சீமெந்துப் பட்டி ஒன்றை இழுத்து, இரண்டு பக்கமும் புதிதாகப் பூசிவிட்டால், எந்தப் பொறியியலாளரும் வெளியில் நின்று உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. வெட்டிய வேரும் முழுமையாக அகற்றப்படாவிட்டால் மீண்டும் தளிர்க்கும்.

ஆகவே உங்கள் பொறியியலாளரிடம் இரண்டாவது முறை போகச் சொல்லுங்கள்; விற்பவரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, ஐந்தாறு இடங்களில் இரண்டடிக்கு இரண்டடி பூச்சை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் தலைப்பகுதி, யன்னல்களுக்கு மேற்பகுதி, இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலை, அத்திவாரத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதி ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது. சாந்தை ஓர் ஆணியால் சுரண்டும்போது அது தூளாகக் கொட்டுகிறதா, கல்லைத் தட்டும்போது பொள்ளல் ஒலி வருகிறதா என்பவை போதுமான தகவலைத் தரும். யன்னல்களுக்கு மேலே பழைய பனைமரத் துண்டுகள் லிண்டிலாக இருந்திருந்தால், அவை கூரையற்ற காலத்தில் உக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. எறிகணை விழுந்து உடைந்த பகுதிகளைப் பின்னர் சீமெந்துக் கல்லால் அடைத்திருக்கிறார்களா என்பதும் இதே நேரத்தில் தெரியவரும். பழைய கல்லுக்குள் பல் விட்டுக் கட்டாமல், உடைந்த இடத்தில் புதிய கல்லை வெறுமனே நிறுத்திப் பூசியிருந்தால், அந்த இரண்டும் ஒரே சுவராக வேலை செய்யா. துப்பாக்கிச் சன்னம் பட்ட தழும்புகள் பலரைப் பயமுறுத்துகின்றன. தடித்த கற்சுவரில் அவற்றுக்குப் பெரும்பாலும் முக்கியத்துவம் இல்லை. குண்டு வெடித்த அதிர்வால் சுவர் மூலையில் விலகியிருப்பதோ லிண்டில் மட்டத்தில் கிடையாக அறுந்திருப்பதோ வேறு விடயம். அதைப் பூச்சு மறைத்துவிடும்.

உள்ளீடு தளர்ந்திருப்பது உறுதியானால் உடனே வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கலவையைச் சுவருக்குள் மெதுவாகச் செலுத்தி நிரப்பலாம், மிக மோசமான பகுதிகளைக் கழற்றிக் கட்டலாம். ஆனால் அந்தச் செலவு பூச்சு வேலையின் செலவல்ல. அதற்குக் கணிய அளவையாளர் (கட்டுமானச் செலவைக் கணிப்பவர்) ஒருவரிடம் தனிமதிப்பீடு பெற்ற பின்னரே விலை பேச வேண்டும்.

காண முடியாமற்போன இரண்டாவது விடயம் கூரை மரம். மேற்குச் சுவரின் சாய்வும் அதனோடு சேர்ந்ததே என்பது என் கருத்து. ஓட்டுக் கூரையின் பாரம் நேர்கீழாக மட்டும் இறங்குவதில்லை. முகட்டிலிருந்து சரிந்து வரும் மரச் சிலாகைகள் சுவரின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளும். பழைய தச்சர்கள் அதை நன்கு அறிந்திருந்தார்கள். எதிர்ச்சுவர்களை இழுத்துப் பிடிக்கத் தீராந்திகள் எனும் குறுக்கு மரங்களை வைத்தார்கள், சிலாகைகளின் அடியில் சுவர் வளை ஒன்றை ஓடவிட்டுப் பாரத்தைப் பரப்பினார்கள். மீளக் கூரை போடும்போது செலவைக் குறைக்கவோ சீலிங்கை உயர்த்தவோ தீராந்தியை விட்டுவிட்ட வீடுகள் உண்டு. அப்படியானால் சுவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். இருபது மில்லிமீற்றர் என்ற அளவு தனியே பார்த்தால் அச்சத்துக்குரியதல்ல. பாரம் சுவர்த் தடிப்பின் நடு மூன்றிலொரு பங்குக்குள் இறங்கும்வரை கற்சுவரில் இழுவை ஏற்படாது என்பது கட்டுமானத்தின் அடிப்படை விதி. பதினெட்டு அங்குலச் சுவர் என்றால் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் இடமுண்டு. இருபது மில்லிமீற்றர் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. உள்ளீடு உறுதியாக இருந்தால் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். கேள்வி, அந்தச் சாய்வு 1930களிலேயே கட்டியவரின் கைப்பிசகால் வந்ததா, புதிய கூரை தள்ளுவதால் வந்துகொண்டிருக்கிறதா என்பதுதான். சீலிங்கின் இரண்டு பலகைகளைக் கழற்றி, ஒருவர் டோர்ச்சோடு மேலேறிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். தீராந்தி இருக்கிறதா, சிலாகைகள் முகட்டு வளையோடு சரியாகப் பூட்டப்பட்டுள்ளனவா, சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் புதிய பிளவு உண்டா என்று பார்க்க வேண்டும். தீராந்தி இல்லையென்றால் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவது பெரிய செலவில்லாத திருத்தம்.

மரத்தின் தரத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். முற்றிய பனையின் வெளிவைரம் கறையானுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. இளம் பனையிலோ, நடுவிலுள்ள மென்மையான சோற்றியை நீக்காமல் அறுத்த மரத்திலோ அந்த உறுதி இல்லை. போருக்குப் பின் முற்றிய பனை கிடைப்பது கடினமாக இருந்த காலத்தில் தென்னஞ்சிலாகையும் கலந்த மரங்களும் போடப்பட்டதுண்டு. சுவருக்குள் புதைந்திருக்கும் மரமுனைகளையே முதலில் சோதிக்க வேண்டும், ஈரமும் கறையானும் அங்கேயே தொடங்கும். ஒரு ஸ்குரூட்றைவரால் குத்தும்போது அது தடையின்றி இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

இனிக் குசினியின் கொங்கிறீட் தளம். அறிக்கையில் கண்ட ஐந்திலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே. கொங்கிறீட் நல்ல காரத்தன்மை உடையது. புதிதாக இருக்கும்போது அதன் பி.எச். பன்னிரண்டுக்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கித் துருவிலிருந்து காக்கிறது. இரண்டு காரணங்களால் அந்தக் காவல் முறியும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே சென்று காரத்தன்மையைக் குறைக்கும் காபனேற்றம் ஒன்று. உப்பு மற்றொன்று, காரத்தன்மை குறையாமலே உப்பிலுள்ள குளோரைட்டு கம்பியைத் துளைத்துத் துருவேற்றும். துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுப்பதால் கொங்கிறீட்டைக் கீழ்நோக்கித் தள்ளி உதிர்க்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது அதுவே.

இந்த இரண்டு காரணங்களில் எது என்று தெரியாமல் திருத்த வேலை தொடங்கக் கூடாது. 1970களில் இங்கு போடப்பட்ட பல தளங்களில் கழுவாத கடற்கரை மணலும், சில இடங்களில் உவர்க் கிணற்று நீரும் கலந்திருக்கின்றன. கம்பிக்குக் கீழே அரை அங்குலங்கூடக் கொங்கிறீட் மூடல் இல்லாமல் வார்த்த தளங்களும் உண்டு. காபனேற்றம் மட்டுமே காரணமென்றால், உதிர்ந்த பகுதியைக் கம்பிக்குப் பின்புறம்வரை வெட்டி எடுத்து, துருவைச் சுத்தம் செய்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதிய கம்பி சேர்த்து, உரிய கலவையால் மீள நிரப்பலாம். அது பல வருடம் நிற்கும். உப்பு கொங்கிறீட்டுக்குள்ளேயே கலந்திருந்தால் அதே திருத்தம் தோற்றுவிடும். திருத்திய இடம் பாதுகாக்கப்பட, அதை ஒட்டிய பழைய கொங்கிறீட்டில் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு ஒட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்தில் இன்னொரு உதிர்வு வரும். அத்தகைய தளத்தை இடித்துவிட்டு ஓட்டுக் கூரை போடுவதே மலிவு என்பது என் உறுதியான கருத்து.

வேறுபாட்டைக் காண வழி எளிது. தளத்தில் புதிதாகத் துளையிட்ட இடத்தில் பினோல்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், அதை இழந்த பகுதி நிறமின்றி இருக்கும். நிறமில்லாத ஆழம் கம்பியை எட்டியிருந்தால் காபனேற்றம் உறுதி. துளைத் தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் குளோரைட்டின் அளவைப் பெறலாம். சீமெந்தின் நிறையில் ஏறத்தாழ 0.4 வீதத்துக்கு மேல் இருந்தால் கம்பிக்கு ஆபத்து என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. சுத்தியல் போன்ற ஒரு கருவியால் தளத்தில் தட்டி உறுதியைச் சொல்லும் சோதனையை மட்டும் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதோடு திருப்திப்படாதீர்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கிறது. கம்பியின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. சோதனை முடிவு வரும்வரை அந்தக் குசினிக்குள் யாரும் புழங்காமல் பார்த்துக்கொள்ளும்படி விற்பவரிடம் சொல்வதும் நல்லது, உதிரும் துண்டு தலையில் விழுந்தால் பெருங்காயம் ஏற்படும்.

வடகிழக்கு மூலை வெடிப்பைப் பற்றி நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வகைப்படுத்தலில் ஐந்து மில்லிமீற்றர் வரையான வெடிப்பு தோற்றத்தைப் பாதிக்கும் சிறு சேதமாகவே கொள்ளப்படுகிறது. ஐந்து முதல் பதினைந்து வரை நடுத்தரம். இருபத்தைந்துக்கு மேலே போனால் உறுதிக்கே ஆபத்து. ஆனாலும் அகலத்தை மட்டும் பார்ப்பது போதாது. வெடிப்பு மேலே அகன்று கீழே ஒடுங்கினால் வீட்டின் அந்த முனை இறங்கியிருக்கிறது. கீழே அகன்றால் நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறது. உங்கள் படத்தில் மேலேதான் அகலம் தெரிகிறது, ஆகவே மூலை இறங்கியிருக்கிறது.

ஏன் இறங்கியது என்பதற்கு நமது மண்ணில் சில குறிப்பான காரணங்கள் உண்டு. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே அதிக ஆழமில்லாமலே சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். எனவே ஒரு பக்க அத்திவாரம் பாறையில் உறுதியாக அமர்ந்திருக்க, மறுபக்கம் மண்ணிலோ நிரப்பிலோ நிற்கும் வாய்ப்புண்டு. சுண்ணாம்புப் பாறையே நீரில் கரைந்து பொந்துகள் கொண்டது. பாறை கரைந்து உண்டான, புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு அதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. ஒரு தனி வீட்டின் மூலை இறங்கினால் நான் பொந்தை முதற் காரணமாக நினைப்பதில்லை. மனிதர் வெட்டிய குழிகளையே முதலில் தேடுவேன்: தூர்ந்த கிணறு, பழைய மலசலகூடக் குழி, கல் எடுத்த கிடங்கு, பதுங்கு குழி. 1980களின் பிற்பகுதியில் பங்கர் வெட்டாத வளவுகள் எங்கள் பகுதியில் குறைவு. பலர் வீட்டுச் சுவரை அண்டியே வெட்டினார்கள், இராணுவம் நிலைகொண்ட வளவுகளில் மேலும் பல இருந்தன. பின்னர் அவை கண்டபடி மண்ணும் இடிபாடும் கொட்டி மூடப்பட்டன. பனங்குற்றிகள் உள்ளேயே கிடந்தால் உக்கும்போது மண் மீண்டும் இறங்கும். அயலவர்களை விசாரியுங்கள், அவர்களுக்கு இடம் நினைவிருக்கும். மூலைக்கு அருகே அலவாங்கால் குத்திப் பார்த்தால் நிரப்பிய மண் எளிதில் பிடிபடும். ஆனால் அந்தக் காணி முன்னாள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது என்பதால், கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகும்வரை ஒருவரும் அங்கே தோண்டவோ குத்தவோ கூடாது.

வெடிப்பு இன்னும் அசைகிறதா என்பதற்கு அதன் இருபுறமும் இரண்டு பித்தளை ஆணிகளைப் பொருத்தி, இடைவெளியை மாதமொரு முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மழையும் அதற்குப் பிந்திய வெயிலும் கடந்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. அவசரமென்றால் வெடிப்பின் விளிம்பைப் பாருங்கள்: உள்ளே தூசியும் பழைய வர்ணமும் இருந்தால் பழையது, வெள்ளையாகக் கூர்மையாக இருந்தால் புதியது.

ஈரத்தைப் பற்றிக் குறைவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் தீரக்கூடியது. மூன்றடிக்கு ஏறிய ஈரத்துக்குக் காரணம், சுவாசிக்க வேண்டிய சுண்ணாம்புச் சுவரைச் சீமெந்துப் பூச்சால் அடைத்ததும், வெளியே நிலமட்டம் உயர்ந்திருப்பதும் ஆகும். வீதிகள் மீளமைக்கப்பட்டு உயர்ந்த இடங்களில் வளவுகள் பள்ளமாகிவிட்டன. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையில் நீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அயலில் கேட்டால் வளவின் தாழ்வு விளங்கும். மூன்றடிக்குச் சற்று மேல்வரை சீமெந்துப் பூச்சை உரித்து, ஒரு வெயில்காலம் உலரவிட்டு, சுண்ணாம்பாலேயே பூசவும், சுவரைச் சுற்றி மண்ணைத் தாழ்த்தி நீர் ஓட வழி செய்யவும் வேண்டும். ஈரத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் வர்ணங்கள் உப்பை உள்ளேயே தள்ளிக் கல்லைத் தின்னவிடும்.

வங்கிக்காகத் தயாரிக்கப்படும் மதிப்பீட்டு அறிக்கையை இந்த வேலைக்கு மாற்றாக எண்ண வேண்டாம், அது காணியினதும் வீட்டினதும் பெறுமதியைச் சொல்வதற்கானது. இரண்டாம் பார்வைக்கு நீங்கள் அமர்த்துபவர், கட்டமைப்பில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளராகவும், பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்தவராகவும் இருக்கட்டும். கொங்கிறீட் வீடுகளை மட்டுமே பார்த்துப் பழகியவர் எல்லாவற்றுக்கும் சீமெந்தையே மருந்தாக எழுதிவிடுவார்.

என்னுடைய முடிவு இது. தளத்தில் குளோரைட்டு அதிகமென்று வந்தால் பின்பகுதியை இடித்துக் கட்டும் செலவை முழுவதாக விலையிலிருந்து கழியுங்கள். முன்வீட்டுச் சுவர்களின் உள்ளீடு உறுதியாக இருந்தால் வாங்குங்கள். பாதிக்கு மேல் தளர்ந்திருந்தால் காணியின் பெறுமதிக்கு மட்டும் பேசுங்கள், அதற்கு விற்பவர் உடன்படாவிட்டால் விலகிவிடுங்கள். காணி உறுதி எழுதுவதற்கு முன், பூச்சை உரித்துப் பார்க்கும் வேலையும் ஆய்வுகூட முடிவும் நிறைவேற வேண்டும் என்பதையும், முடிவு பாதகமானால் முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் உடன்படிக்கையில் நொத்தாரிசு மூலம் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

மேல்மாடி விடயத்தில் என் பதில் நேரானது: இந்தச் சுவர்களின் மேல் வேண்டாம். இவை ஒரு தட்டு ஓட்டுக் கூரையைத் தாங்குவதற்குக் கட்டப்பட்டவை. இருபது வருடம் மழையில் நின்ற பின் அந்தக் கொள்ளளவும் குறைந்திருக்கும். மேலே அறை கட்டாயம் வேண்டுமென்றால், பின்பகுதி இடிக்கப்படும் இடத்தில் தனித் தூண்களும் தனி அத்திவாரமும் கொண்டு, பழைய சுவரைத் தொடாமல் ஓர் இடைவெளி விட்டு, பிரதேச சபையின் அனுமதி பெற்ற வரைபடத்தின்படி எழுப்பலாம்.